முழங்கைக்கு ஒரு பொன்னாடை

மல்லிகைச் சரமும் மசாலா மணமும் மாறி மாறி வரவேற்கும் சிராங்கூன் சாலையில், மழை வந்தும் மனம் மாறாமல், எம்ஆர்டி ரயில் ஏறியும் பேருந்து பிடித்தும் இந்த மன்றத்தை நிறைத்திருக்கும் மக்களே! நடுநாயகமாக அமர்ந்து, நடுநடுவே கைக்கடிகாரத்தையும் பார்த்துக்கொள்ளும் விழாத் தலைவர், என் பெருமதிப்பிற்குரிய தனசேகரன் ஐயா அவர்களே! அறிவாலும் அனுபவத்தாலும் அவையை அலங்கரிக்கும் ஆன்றோர்களே! ஆறு மணி விழாவுக்கு ஐந்து மணிக்கே வந்து முன்வரிசையை முற்றுகையிட்ட அருமைத் தாய்மார்களே! வடைத் தட்டு வரும் கதவோரமாகப் பார்த்து நாற்காலி இழுத்துப் போட்டுக்கொண்ட இளைஞர்களே!

செம்பவாங்கிலிருந்து வந்திருக்கும் முன்னாள் கிரிக்கெட் நடுவர் சுந்தரம் ஐயா அவர்களே! ஜாலான் புசாரில் இரும்புச் சாமான் கடை நடத்தும் நெய்னா முகம்மது அவர்களே! அந்தக் கடையையும் அவரையும் சேர்த்தே நடத்தும் ஷமீமா அம்மையார் அவர்களே! அவர்கள் இருவரும் பெற்ற செல்வமும் இந்த விழாவின் நாயகியுமான என் தோழி ஹனீன் அவர்களே! ஏய் ஹனீன், சிரிக்காதே. மேடையில் அப்படித்தான் கூப்பிட வேண்டும். உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

யார் இந்த ரோஷினி, இவளிடம் எதற்கு ஒலிவாங்கியைக் கொடுத்தார்கள் என்று நீங்கள் கேட்கலாம். பள்ளி நாள்களில் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் தமிழ் கற்பிப்பவள் நான். மற்ற நேரத்தில் முகமூடி மாட்டி, மார்புக் கவசம் கட்டி, ஃபேரர் பார்க் திடலில் குந்தி உட்கார்ந்து, ஹனீன் எறியும் பந்தைப் பிடிப்பவள் நான். பேஸ்பால் விளையாட்டில் எறிபவளைப் பிட்சர் என்பார்கள், பிடிப்பவளைக் கேட்சர் என்பார்கள். எறிபவளுக்குப் புகழ், பிடிப்பவளுக்கு வீக்கம். இதோ, என் இடது கையைப் பாருங்கள். வலது கையைவிடக் கொஞ்சம் தடித்திருக்கிறதா? பின்வரிசைக்குத் தெரிகிறதா? இன்று பேசப்போவது என் வாய், சாட்சி சொல்லப்போவது இந்தக் கை.

பெரியோர்களே! சிங்கப்பூர் மகளிர் பேஸ்பால் அணிக்கு நம் ஹனீன் பிட்சராகத் தேர்வாகியிருக்கிறாள். வரும் வாரம் வெளிநாட்டுப் போட்டிக்கு விமானம் ஏறுகிறாள். தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள்! கேட்சராக நானும் அதே விமானத்தில்தான் போகிறேன். எனக்கு யாரும் விழா எடுக்கவில்லை. அதை நான் மனத்தில் வைத்துக்கொள்ளவும் இல்லை.

தேர்வுக்கு ஒரு நிபந்தனை இருந்தது. பந்து மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட வேண்டும். விரைவுச்சாலையில் போலீஸ்காரர் ஒரு கருவியை நீட்டி நம் வண்டியின் வேகத்தை அளப்பாரே, அதே மாதிரிக் கருவி எங்கள் திடலிலும் இருக்கிறது. அங்கே அதிகம் போனால் அபராதம், இங்கே குறைவாகப் போனால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஹனீன் முதன்முதலில் எறிந்தபோது அந்தக் கருவி காட்டியது எண்பத்தெட்டு. எண்பத்தெட்டிலிருந்து நூறுக்கு ஒரு பெண் எப்படிப் போனாள் என்பதுதான் நான் சொல்ல வந்த கதை.

அந்தக் கதை பேஸ்பாலில் தொடங்கவில்லை. கிரிக்கெட்டில் தொடங்குகிறது!

நெய்னா முகம்மது அவர்களின் வீட்டில் கிரிக்கெட் ஒரு விளையாட்டா? விளையாட்டு என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். அது ஒழுக்கம், அது ஒழுங்கு, அது ஒரு மனிதரின் மானம்! இளமையில் வேகப்பந்து வீச்சாளராக வலம் வந்தவர் அவர். மகளுக்குப் பந்தைப் பிடிக்கத் தெரிந்த நாளிலேயே வீட்டின் நீண்ட நடைவழியில் நிற்க வைத்துப் பந்து வீசக் கற்றுக் கொடுத்தார். எதிர்வீட்டுச் செருப்பு அலமாரிதான் ஸ்டம்பு. ஹனீன் வளர்ந்தாள், வீசினாள், வேகத்தில் வாப்பாவையே மிஞ்சினாள்.

அப்புறம் ஒரு கிளப் ஆட்டம். ஹனீன் ஓடி வந்து வீசுகிறாள். நடுவர் ஒரு கையை நீட்டி, 'நோ பால்' என்கிறார். மறுபடி வீசுகிறாள். மறுபடி நோ பால். ஏன்? காலா கோட்டைத் தாண்டியது? இல்லை. அவள் முழங்கை மடங்கி நிமிர்கிறது! கிரிக்கெட் தெரியாத தாய்மார்களுக்குச் சொல்கிறேன், அந்த ஆட்டத்தில் கையை நீட்டியபடி வீச வேண்டும். மடக்கி நிமிர்த்தினால் அதை வீச்சு என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள், எறிகிறாள் என்பார்கள். கிரிக்கெட் வீட்டில் அந்தப் பேச்சு, மாப்பிள்ளை வீட்டார் முன்னால் மானம் போனதற்குச் சமம். அன்று நோ பால் சொன்ன நடுவர் யார்? இதோ, இரண்டாம் வரிசையில் ஒன்றும் தெரியாதவர் மாதிரி அமர்ந்திருக்கும் நம் சுந்தரம் ஐயாதான்! நெய்னாவின் நெருங்கிய நண்பர். யாரும் அவரைத் திரும்பி முறைக்க வேண்டாம். அவர் சொன்னது சரி, சட்டப்படி சரி. பல்லைக் கடித்துக்கொண்டு சொல்கிறேன், சரிதான்.

நெய்னா மகளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட இரண்டு நாளில் ஆறியிருக்கும். அவர் கடைக்குப் போனார். தண்ணீருக்குப் போடுகிற பிளாஸ்டிக் குழாயில் ஒரு துண்டு எடுத்தார். நீளவாக்கில் பிளந்தார். உள்ளே பழைய துவாலையை மெத்தென்று ஒட்டினார். வீட்டுக்கு வந்து மகளின் வலது முழங்கையில் அதை வைத்துக் கட்டினார். "இது இருந்தா மடங்காதும்மா. பழகிடும்" என்றார். கோபத்திலா கட்டினார்? குத்திவிடக் கூடாதே என்று துவாலை ஒட்டிய கையில் கோபம் இருக்குமா? பாசத்தில் கட்டினார், பக்குவமாகக் கட்டினார். மகள் மறுபடி தலைநிமிர்ந்து ஆட வேண்டும் என்றே கட்டினார். அந்தக் குழாயோடு நடைவழியில் மாலைதோறும் வீசினாள் ஹனீன். கை மடங்கப் போகும்போதெல்லாம் குழாய் தடுத்தது. கடைசியில் கை நேரானது, வேகம் போய்விட்டது, அந்த ஆட்டமும் மெல்ல அவளை விட்டுப் போய்விட்டது.

அவள் படித்தாள், மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் வேலையில் சேர்ந்தாள். ஊரார் முழங்கையையெல்லாம் படம் பிடித்தாள், தன் முழங்கையை மறந்தாள். அப்படிப்பட்டவளை ஒருநாள் தேக்கா சந்தையில் மீன் கடை முன்னால் பிடித்தவள் யார்? நான்தான்!

"எங்க டீம்ல பிட்சர் இல்ல லா, வந்து ஒரு தடவை போட்டுப் பாரேன்" என்றேன்.

"நான் போட்டா எறியுற மாதிரி இருக்கும், ரோஷினி. வாப்பாவுக்குப் பிடிக்காது" என்றாள்.

"அடியே, இந்த ஆட்டத்துல எறியத்தான் கூப்பிடுறாங்க! கையை மடக்காம எறிஞ்சாத்தான் சிரிப்பாங்க!"

மீன் பையைக் கீழே வைத்துவிட்டு அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! உலகத்தில் இப்படி ஒரு ஆட்டம் இருக்கிறதா என்று கேட்கிற பார்வை அது. அந்தச் சனிக்கிழமையே வந்துவிட்டாள்.

அன்பர்களே! இப்போது கேட்கிறேன். பந்தின் வேகம் எங்கே இருக்கிறது? கையில் என்கிறீர்களா? எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள்! "கையில தெம்பு வேணும், ஆட்டுக்கால் சூப் வச்சுக் குடு" என்றார் ஒரு அம்மா. "நல்லெண்ணெய் சூடு பண்ணித் தேய்" என்றார் இன்னொருவர். "ஜிம்முக்குப் போயி பைசெப்ஸ் ஏத்து சிஸ்டர்" என்றார் அதோ, அந்தக் கதவோரத்து இளைஞர்களில் ஒருவர். தலையைக் குனியாதீர்கள் தம்பி, நல்ல எண்ணத்தில்தான் சொன்னீர்கள்.

எங்கள் பயிற்சியாளர் திலீப் அதிகம் பேசாதவர். முதல் நாள் ஹனீனிடம் அவர் சொன்னது இவ்வளவுதான்: "கையை விடுங்க. காலைக் காட்டுங்க."

அவள் செருப்பைக் கழற்றிப் பாதத்தைக் காட்டினாள். அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அதில்ல லா! எப்படி ஊன்றீங்கன்னு காட்டுங்க. வேகம் தரையிலேர்ந்து வருது. காலு, இடுப்பு, முதுகு, தோளு, கடைசியிலதான் கை. முன்னாடி இருக்கிறவங்க ஒழுங்கா அனுப்பினாத்தான் கைக்கு வேலை."

அன்றிலிருந்து தொடங்கியது அவள் தவம். குந்தி எழுந்தாள், குதித்து எழுந்தாள், தன் புளோக்கின் படிக்கட்டை மின்தூக்கி பழுதான நாள் போலத் தினமும் ஏறினாள். புளோக்கின் திறந்த கீழ்த்தளமான வாய்ட் டெக்கில், தூணில் ரப்பர் பட்டையைக் கட்டித் தோளை இழுத்துப் பழக்கினாள். கனத்த பந்தை இரு கையாலும் பிடித்து, இடுப்பைத் திருப்பிச் சுவரில் அடித்தாள். அடித்த சத்தத்தில் மேல்வீட்டுக் குழந்தை அழுதது, குழந்தையின் தாத்தா இறங்கி வந்தார், அவருக்கு விளக்கம் சொல்ல ஒரு மாலைப் பொழுது போனது. அடுத்த நாள் அவரே கீழே வந்து பெஞ்சில் அமர்ந்து வேடிக்கை பார்த்தார். எடை கூடிய பந்தும் எடை குறைந்த பந்தும் மாற்றி மாற்றி எறிந்தாள். தூரத்தில் நின்று நெடுக எறிந்தாள். எல்லாவற்றையும்விடக் கடினமான பயிற்சி எது தெரியுமா? எறியாமல் இருப்பது! திலீப் ஓய்வு என்று சொன்ன நாளில் பந்தைத் தொடவே கூடாது. அந்த நாள்களில் அவள் என்னை ஃபோனில் படுத்திய பாட்டை நினைத்தால், வீங்கிய கையே தேவலாம் என்று தோன்றும்.

வேகம் வந்தது. தொண்ணூறைத் தாண்டியது, தொண்ணூற்றைந்தைத் தொட்டது. ஒரு வியாழக்கிழமை மாலை தொண்ணூற்றெட்டு! என் கையுறைக்குள் பட்டாசு வெடித்தது. நாங்கள் இருவரும் கட்டிப்பிடித்துக் குதித்தோம். அடுத்து வந்த சனிக்கிழமை எவ்வளவு? எண்பத்தொன்பது!

என்ன ஆயிற்று? அடுத்த வியாழன் மறுபடி தொண்ணூற்றேழு. அடுத்த சனி மறுபடி தொண்ணூறு. வியாழன் வெல்கிறது, சனி சறுக்குகிறது. திலீப் தலையைச் சொறிந்தார். சனிக்கிழமைக்கு மட்டும் என்ன சாபம்?

சனிக்கிழமை காலை மட்டும் திடலுக்கு ஒருவர் வருவார். கையில் டிஃபன் கேரியரோடு நெய்னா முகம்மது வருவார். மகள் எறிகிற ஆட்டத்தை அவர் ஒரு நாளும் பாராட்டியதில்லை. அதுவரை ஒரு சனிக்கிழமைகூட வராமல் இருந்ததும் இல்லை. இடியாப்பமும் ஆட்டுக்கறியும் கொண்டு வருவார். ஒரு வார்த்தை பேசாமல் வேலியோரமாக நிற்பார். கறியின் மணம் மட்டும் எங்களோடு பேசும்.

திலீப் உடனே குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டார். "சாப்பாடுதான் லா! இவ்வளவு எண்ணெய் உள்ள போனா உடம்பு எப்படித் திரும்பும்? அங்கிள், இனிமே ஹெவியா வேணாம்." ஷமீமா ஆன்ட்டி சமைத்த இடியாப்பத்தின் மேல் பழி! ஆன்ட்டி, அந்தப் பழி சுமத்தப்பட்டபோது நான் அந்த இடியாப்பத்தைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், எதிர்த்துப் பேச வாய் காலியாக இல்லை. அடுத்த சனி நெய்னா பப்பாளித் துண்டுகள் கொண்டு வந்தார். வேகம் எண்பத்தொன்பது. அதற்கடுத்த சனி வெறும் இளநீர். மறுபடி எண்பத்தொன்பது.

அப்புறம் ஒரு சனிக்கிழமை கடையில் சரக்கு வந்து இறங்கியதால் நெய்னாவால் வர முடியவில்லை. ஷமீமா ஆன்ட்டியே வந்தார். திலீப்பின் தடையைத் தூக்கி மூலையில் போட்டுவிட்டு, நெய்ச்சோறும் தாளிச்சாவும் கொண்டு வந்து மகளுக்கு ஊட்டாத குறையாகக் கொடுத்தார். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு எறிந்தாள் ஹனீன். தொண்ணூற்றெட்டு! என் கை அன்று சொன்னது: இடியாப்பம் நிரபராதி!

தாய்மார்கள் தட்டுகிறீர்கள், தட்டுங்கள், இது உங்களுக்குக் கிடைத்த வெற்றி.

சாப்பாடு காரணம் இல்லையென்றால் வேறு என்ன? நான் அவளிடம் நேராகவே கேட்டேன். அவள் தண்ணீர்ப் போத்தலை மூடியபடியே சொன்னாள்:

"எனக்குத் தெரியும் லா. வாப்பா வேலிக்கிட்ட நின்னா என் கை தானா நீண்டுடுது. அவர் என் முழங்கையைத்தான் பார்க்கிறார். அந்தக் குழாயைக் கட்டின மாதிரியே இருக்கு."

"அப்ப வர வேணாம்னு சொல்லு!"

"சொல்ல மாட்டேன்."

"டீம்ல இடம் போயிரும் ஹனீன்!"

"போகட்டும். பிடிக்காத ஆட்டத்தைப் பார்க்க வாரா வாரம் வந்து நிக்கிறார். அவரைப் போயி வராதீங்கன்னு நான் எந்த வாயால சொல்வேன்?"

கேட்டீர்களா? நாட்டுக்காக ஆடும் வாய்ப்பா, வாப்பாவின் மனமா என்று வந்தபோது, வாய்ப்பை விட்டுக் கொடுக்கத் துணிந்துவிட்டாள் என் தோழி. என்னால் துணிய முடியவில்லை. எனக்குக் கோபம் வந்தால் நான் பொல்லாதவள், என் மாணவர்களைக் கேட்டுப் பாருங்கள். தேர்வுக்கு முந்தைய வாரம், பள்ளி முடிந்ததும் நேராக ஜாலான் புசாருக்குப் போனேன். கடையில் நெய்னா அங்கிள் ஒரு வாடிக்கையாளருக்குப் பூட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். பூட்டு விற்று முடியும்வரை பொறுத்தேன். அவ்வளவுதான் என் பொறுமை.

"அங்கிள், தேர்வு அன்னிக்கு நீங்க வராதீங்க" என்றேன்.

அவர் சிரித்தார். "என்னம்மா, எண்ணெய் இல்லாம கொண்டாறேன்."

"சாப்பாடு இல்ல அங்கிள். நீங்க நின்னா அவ வேகம் குறையுது. எட்டு, ஒம்பது குறையுது. நாங்க பார்த்துட்டோம்."

அவர் முகம் மாறியது. "நான் ஒண்ணும் சொல்லலியேம்மா. வாயே தொறக்கலியே."

"கண்ணு தொறந்திருக்கே அங்கிள்! அவ கை மடங்குதான்னுதானே பார்க்கிறீங்க? அந்தக் குழாயை அவ இன்னும் கழட்டல!"

அவர் பின்னால் அடுக்கி வைத்திருந்த பிளாஸ்டிக் குழாய்களைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "சரிம்மா. வரல" என்றார். அவ்வளவுதான். பெரிய மனிதரிடம் இப்படிப் பேசலாமா என்று சிலர் முகம் சுளிப்பது இங்கிருந்தே தெரிகிறது. பேசியிருக்கிறேன். இன்றைக்கு வரை வருத்தப்படவும் இல்லை.

தலைவர் அவர்களே, மணியை எடுக்காதீர்கள்! கதை இப்போதுதான் திடலுக்கு வந்திருக்கிறது. பார்த்தீர்களா, முன்வரிசைத் தாய்மார்கள் உங்களை எப்படி முறைக்கிறார்கள் என்று!

தேர்வு நாள் காலை. ஃபேரர் பார்க் திடல். தேர்வாளர்கள் நாற்காலி போட்டு அமர்ந்திருக்கிறார்கள். திலீப் கருவியைப் பிடித்துக்கொண்டு என் பின்னால் நிற்கிறார். வேலியோரம் வெறுமையாக இருக்கிறது. நானோ உள்ளுக்குள் துள்ளுகிறேன். தடை நீங்கியது, எங்கள் தங்கம் ஜெயிக்கும் என்று குந்தி உட்கார்கிறேன். ஹனீன் எறிகிறாள். தொண்ணூற்று மூன்று. மறுபடி எறிகிறாள். தொண்ணூற்றிரண்டு. ஒவ்வொரு பந்துக்கு முன்னும் அவள் கண் எங்கே போகிறது? வேலிக்குப் போகிறது! வந்து நின்றால் கை நீள்கிறது, இப்படி ஒரு முக்கியமான நாளில் வராமல் இருந்தால் நெஞ்சு தேடுகிறது. பத்தாண்டு தமிழ் கற்பித்த எனக்கு அந்த நேரத்தில் ஒரு நல்ல வார்த்தை வரவில்லை. "எறிடி" என்று மட்டும் கத்தினேன்.

திலீப் கருவியை இறக்கினார். "கொஞ்ச நேரம் ரெஸ்ட். அப்புறம் கடைசியா ஒரு ரவுண்டு, அதோட முடிஞ்சுது" என்றார்.

அந்த ஓய்வு நேரத்தில்தான், அன்பர்களே, வேலியின் கதவு திறந்தது!

வந்தவர் நெய்னா முகம்மது. தனியாக வந்தாரா? தம் கிரிக்கெட் நண்பர்கள் அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு வந்தார்! தலையில் பழைய கிளப் தொப்பி, காலில் வெள்ளைக் காலணி, முன்னால் சுந்தரம் ஐயா. எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. ஒரு கண் போதாதென்று ஒரு படையையே கொண்டு வந்துவிட்டாரே என்று முகமூடியைக் கழற்றி எறிந்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. நேராகத் திலீப்பிடம் போனார்.

"தம்பி, ஒரே ஒரு பந்து குடுங்க" என்றார்.

வாங்கினார். ஹனீனிடமிருந்து கொஞ்ச தூரத்தில், எல்லோரும் பார்க்கிற மாதிரி நின்றார். வாழ்நாளெல்லாம் நேராக வீசிய வலது கையைத் தூக்கினார். முழங்கையை மடக்கினார். நன்றாக மடக்கினார்! அப்படியே எறிந்தார்!

பந்து எங்கே போனது? என்னிடம் வந்ததா? எங்கோ போனது! தேர்வாளர்களின் நாற்காலிக்கு மேலாகப் பறந்து, வேலியில் மோதி, அவர் கொண்டு வந்து வைத்திருந்த டிஃபன் கேரியரைத் தள்ளிவிட்டது. அந்த நொடியில் சுந்தரம் ஐயாவின் கை தானாக நீண்டது. ஆயுள் முழுக்க நடுவராக இருந்தவர் அல்லவா? "நோ பால்!" என்று கத்திவிட்டார்!

நெய்னா திரும்பினார். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன், ஒரு சொல்லும் கூட்டவில்லை:

"ஆமாடா சுந்தரம்! நோ பால்தான்! நான் எறிஞ்சேன்! நல்லாப் பார்த்துக்க! இப்ப என் மகளும் எறிவா, அவளுக்கும் கையை நீட்டுறியா, நீட்டிக்க!"

பிறகு மகளிடம் போனார். அவள் வலது முழங்கையை இரண்டு கையாலும் பிடித்தார். கட்டாத கட்டை அவிழ்ப்பது போல் மெல்லத் தடவினார். "மடக்கி எறி, வாப்பா பார்க்கணும்" என்றார். சுந்தரம் ஐயா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். ஐயா, நீங்கள் வியர்வை என்று அன்று சொன்னீர்கள். நாங்கள் நம்பவில்லை.

ஹனீன் பிட்சர் நின்று எறியும் மேட்டில் ஏறினாள். வேலியைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய தேவை இல்லை, வாப்பா என் முதுகுக்குப் பின்னாலேயே நிற்கிறார்! காலைத் தூக்கினாள், தரையில் ஊன்றினாள், இடுப்பைத் திருப்பினாள். முழங்கை மடங்கியது, மறைத்து வைத்த மானமெல்லாம் நிமிர்ந்தது! பந்து வந்ததை நான் பார்க்கவில்லை. என் கை பார்த்தது. அந்தச் சத்தத்தில் மைனாக்கள் மரத்தை விட்டுப் பறந்தன. திலீப் கருவியைப் பார்த்தார். கருவியை அப்படியே நெய்னா அங்கிளிடம் திருப்பிக் காட்டினார்.

நூற்று மூன்று!

நெய்னா அங்கிள் படித்தார், மறுபடி படித்தார். அப்புறம் கருவியைப் பிடித்திருந்த திலீப்பையும் சேர்த்துக் கட்டிப்பிடித்து அழுதார். என் கை அன்று மாலைவரை குறையாமல் வீங்கியிருந்தது. அந்த வீக்கத்தைப் படம் எடுத்து என் அலைபேசியின் முகப்பில் வைத்திருக்கிறேன், வேண்டுமானால் வடை சாப்பிடும்போது காட்டுகிறேன்.

அருமைப் பெரியோர்களே! பெருமையாகச் சொல்கிறேன். ஒரு விளையாட்டு தவறு என்று தள்ளிய கை இது. இன்னொரு விளையாட்டு இதுதான் வேண்டும் என்று வாரி அணைத்த கை இது. மருத்துவமனையில் நம் வீட்டு முதியவர்களைப் பதமாகத் திருப்பிப் படம் பிடிக்கும் கை இது. நாளை சிங்கப்பூர் என்று எழுதிய சட்டையின் கைக்குள் நுழையப் போகும் கை இது! உழைத்து உழைத்து வேகத்தைக் கூட்டினாள் எங்கள் ஹனீன். கூடிய வேகத்துக்கு வழிவிட்டு விலகி நின்றார் அவள் வாப்பா. ஊரறிய வளர்த்த கொள்கையை ஊரறிய ஒரு பந்தில் விட்டுக் கொடுக்க எத்தனை பேருக்கு மனம் வரும்? வந்ததே நெய்னா முகம்மது அவர்களுக்கு! அதற்கும் சேர்த்துத் தட்டுங்கள்!

தலைவர் அவர்களே, இதோ முடிக்கிறேன். இரண்டு விண்ணப்பங்கள் உண்டு. முதலாவது, மேசை மேல் ஒரு கேடயம் இருக்கிறது. தூக்கிப் பார்த்தேன், கல் மாதிரி கனக்கிறது. தயவுசெய்து அதை ஹனீனின் வலது கையில் கொடுக்காதீர்கள்! போட்டிக்கு முன்னால் அந்தத் தோளுக்கு ஏதாவது ஆனால் திலீப் இந்த மன்றத்தையே மூடச் சொல்வார். இடது கையில் கொடுங்கள். அதுவும் வேண்டாம், என்னிடம் கொடுங்கள், எதையும் பிடித்துப் பழகியவள் நான்.

இரண்டாவது, இந்தப் பொன்னாடை. தலைவர்தான் அணிவிப்பது வழக்கம், தோளில் போர்த்துவது வழக்கம். இன்று ஒரு நாள் அந்த வழக்கத்தை மாற்றித் தாருங்கள் ஐயா. தலையசைத்துவிட்டீர்களே, உங்களுக்கு என் நன்றி. நெய்னா அங்கிள், மேடைக்கு வாருங்கள். ஷமீமா ஆன்ட்டி, அவர் எழுந்திருக்க மாட்டார், நீங்கள் கொஞ்சம் தள்ளிவிடுங்கள். சுந்தரம் ஐயா, நீங்களும் கை கொடுத்து ஏற்றிவிடுங்கள். ஹனீன், வலது கையை நீட்டு. நீட்டாதே, நீட்டாதே! மடக்கு!

ஆம், அப்படித்தான். அங்கிள், இந்தப் பொன்னாடையைத் தோளில் போட வேண்டாம். அந்த முழங்கையில் சுற்றுங்கள். அன்று குழாயைக் கட்டிய அதே கையால் இன்று இந்தப் பட்டைக் கட்டுங்கள். இறுக்கமாக வேண்டாம். அவள் மடக்க வேண்டும்.

என்னைப் பேச அழைத்த மன்றத்தாருக்கும், மணியைத் தொட்டும் அடிக்காத தலைவருக்கும், மழையையும் வடையையும் மறந்து கேட்ட உங்கள் அனைவருக்கும் என் நன்றி. கதவோரத்துத் தம்பிகளே, எழுந்து நின்று தட்டுங்கள், எங்கள் பிட்சர் மேடையை விட்டு இறங்குகிறாள்! வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்!